ஜன்னலில் வைத்த போத்தல்

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் உறையவைக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. பாலில் கலக்கும் திராவகம் தூரத்து ஸ்டோரில் ஜாடியில் இருக்கும். அடிக்கடி நடக்கச் சோம்பல்பட்டு, ஒருநாள் அதை என் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிவந்து ஜன்னலில் வைத்தேன்.

உச்சி வெயிலில் முனியன் பால் வாளிகளோடு வந்தான். ஊரிலிருந்து என்னோடு ஒரே கப்பலில் வந்தவன்.

"அண்ணே, உன் தண்ணியில ஒரு வாய் குடிச்சிக்கிறேன்."

பாலைக் கலக்கியபடியே, தலை நிமிராமல், "ம், குடி" என்றேன்.

என் போத்தலை எச்சில்படுத்தக் கூடாதென்று அவன் அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். உதட்டில் பட்டிருந்தால் துப்பியிருப்பான். நேரே தொண்டைக்குள் இறங்கிவிட்டது. போத்தல் உடைந்த சத்தத்தில்தான் திரும்பினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

"வீட்டுல ஏதும் சண்டையா? இப்படித் திராவகத்தக் குடிச்சிட்டானே" என்றார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஜெயிலுக்குப் பயந்து நான் தலையாட்டினேன். முனியன் தற்கொலை செய்துகொண்டான் என்று எழுதிவிட்டார்கள்.

கருமாதியன்று அவன் மனைவி அஞ்சலை என்னிடம் வந்தாள்.

"அண்ணே, வெறகு பொளக்கலன்னு அன்னிக்குக் காலையில ஒரு வார்த்த ஏசிட்டேன். அதுக்கா இப்படிப் பண்ணாரு? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

பிறகு அவள் பீடோர் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தைதான் கொன்றதென்று இன்றும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"தாகத்துக்குத்தான் குடிச்சான்மா." யாருமில்லாத நேரத்தில் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் தடுமாறாமல் வருகிறது.