வலைத்தழும்பு இல்லாத பாரை

அன்றைக்குக் கடையில் இருந்தது நாலே பேர்: நான், என் மனைவி, பாரைமீன் வாங்க வந்த டீச்சர், திருகோணமலையிலிருந்து மீன் லொறியிலேயே வந்திறங்கிய படகுக்கார முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எதற்கும் பயந்து சாகிறவன். ஐஸ் கரைந்துவிடுமோ, லொறி பிந்துமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். கடலை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். கடலே இல்லாத மாத்தளையில் உட்கார்ந்து கடல்மீன் விற்கிறவன், கரையில் யாராவது ஒருவரை நம்பித்தானே ஆகவேண்டும்? நானாவை நம்பினேன். வலை கிழிந்துவிட்டது, புதுசு வாங்கணும் என்றார். மனைவியின் சீட்டுப் பணத்தைக் கொடுத்தேன். மீன் அனுப்பி அனுப்பிக் கழிப்பதாகப் பேச்சு.

அதற்குப் பிறகு வந்த மீனெல்லாம் அவ்வளவு அழகு. செதில் உதிரவில்லை, வலை அறுத்த தழும்பும் இல்லை. "கையால பொறுக்கின மாதிரி இருக்கு பாருங்க" என்று சொல்லித்தான் விற்றேன். இதே மாதிரி அனுப்புங்க என்று போனில் கேட்டதும் நான்தான். சிலதில் நடுமுள் முறிந்திருந்தது. லொறி குலுக்கல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு டீச்சருக்காக ஒரு பாரையின் வயிற்றைக் கீறினேன். உள்ளே இரத்தம் கட்டி, முள் முறிந்து கிடந்தது. அடுத்த மீனும் அப்படியே.

"இது கடல்ல வெடி போட்டுப் புடிச்சது. திருகோணமலைப் பக்கம் மூதூர்ல படிப்பிக்கிறப்ப நெறயப் பாத்திருக்கேன்" என்றார் டீச்சர்.

நானா சிரித்தார். "கறியில போட்டா எல்லா முள்ளும் ஒண்ணுதானே, டீச்சர்."

"அப்ப வலை எங்க, நானா?" என்று கேட்டாள் மனைவி.

"வலையா? பெரிய போட்டுக்காரன் கடலோட அடிமட்டம் வரைக்கும் வழிச்சிட்டுப் போறான், தங்கச்சி. நம்ம வலையில என்ன விழும்? ஒரு வெடி போட்டா வேலை முடிஞ்சிது. மிதக்கிறத அள்ளுவோம்."

"மிதக்காதது?"

"அது கீழ போயிரும். பாதிக்கு மேல."

"அடியில இருக்கிற முருகைக்கல்லு, அந்தப் பவளப்பாறையும் நொறுங்கிரும். பிறகு குஞ்சு மீன் எங்க போய் நிக்கும்?" என்றார் டீச்சர்.

நானா என்னைக் கைகாட்டினார். "தழும்பில்லாத மீன் கேட்டது இவரு. இவரக் கேளுங்க."

டீச்சர் வெறும் பையோடு போய்விட்டார்.

அந்தப் பெட்டியை அப்படியே லொறியில் திருப்பி ஏற்றினேன். இனி உங்க மீன் வேண்டாம் என்றேன். "மீன எடுத்தாத்தான் கழியும், தம்பி. காசா என்கிட்ட இல்ல" என்றார் நானா. நான் இன்றுவரை எடுக்கவில்லை. வாங்காத வலைக்குக் கொடுத்ததில் எண்பத்தையாயிரம் ரூபா இன்னும் வரவேண்டியிருக்கிறது.