கெட்டிமேளத்துக்கு நடுவே ஒரு சீகோங்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம் நடந்தது.

பதறாதீர்கள். பெண் அதே சாந்திதான். முப்பத்திரண்டு வருடங்களாக என்னைச் சகித்துக்கொண்டிருப்பவள். எனக்கு அறுபது முடிந்ததால், மெல்பர்னிலேயே ஒரு கோயிலில் அறுபதாம் கல்யாணம். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் மண்டபத்தில், மீதிப் பேர் வாட்ஸ்அப் வீடியோவில்.

இந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு என்ன பெரிய வேலை? மறுபடியும் தாலி கட்ட வேண்டும். கையைத் தூக்கி, மனைவியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய், பின்னால் முடிச்சுப் போட வேண்டும். அவ்வளவுதான்... ஆனால் நாலு மாதத்துக்கு முன்பு என் வலது கை நெஞ்சைத் தாண்டி மேலே வரவில்லை!

ஃப்ரோஸன் ஷோல்டர், தோள்மூட்டு இறுகிப்போய்விட்டது என்றார் டாக்டர். சட்டை மாட்டிவிட சாந்தி. தலை வாரிவிட சாந்தி. அலமாரியின் மேல்தட்டிலிருந்து காப்பிப்பொடி டப்பாவை எடுக்கவும் சாந்தி. பிசியோ சொன்ன பயிற்சிகளை, வலிக்கிறது என்று சாக்குச் சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே சொன்னாள். "முடியலன்னா விடுங்க. தாலியை நீங்க சும்மா தொட்டுக் குடுங்க. நம்ம பொண்ணு கட்டிவிடட்டும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அதற்குக் காரணம் உண்டு. முதல் கல்யாணத்தில், கெட்டிமேளச் சத்தத்தில் மிரண்டுபோய், அவசர அவசரமாக அவள் தலைமுடியையும் சேர்த்து முடிச்சுப் போட்டவன் நான். மணப்பெண் "ஆ!" என்று அலறுவது கல்யாண வீடியோவில் இன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அந்த முடிச்சு சாட்சி சொல்ல வந்துவிடும். இப்போது தெய்வாதீனமாக இரண்டாவது சான்ஸ். அதையும் கோட்டை விடுவதா?

கிரான்பர்னில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஞானம் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். வேலிக்கு மேலே தலையை நீட்டி என் புலம்பலைக் கேட்டார்.

"இதுக்கே இவ்வளவு யோசிக்கிறீர்? என்ர முழங்காலும் இப்பிடித்தான் கிடந்தது. டண்டினொங் பார்க்கில சீனாக்காரர் சேர்ந்து சீகோங் செய்யினம். நாளைக்குக் காலமை என்னோட வாரும்."

"கராத்தே மாதிரியா அண்ணே?"

"சீச்சீ! ஆறுதலாக் கையைக் காலை அசைச்சு, மூச்சை இழுத்து விடுறது. நித்திரை கொள்ளாமல் நிண்டால் காணும்."

போனேன். புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. கம்பளிக் கோட்டுகளுக்குள் பத்துச் சீனப் பெண்மணிகள். முன்னால் ஆசிரியை மிஸஸ் லின் — எழுபது வயதிருக்கும், முதுகு ஸ்கேல் வைத்தது போல நேராக. அவரைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம்... ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தது. பின்னே? ஒரு வித்தை கற்றுக்கொள்ளப் போகிற இடத்தில் ஷூவோடு நிற்பதா?

மிஸஸ் லின் அலறியே விட்டார். "நோ! நோ! கோல்ட் கம் இன்!"

குளிர் உள்ளங்கால் வழியாக உடம்புக்குள் ஏறிவிடுமாம். தன் பையிலிருந்து ஒரு ஜோடி சிவப்புக் கம்பளி சாக்ஸை எடுத்து வந்து நீட்டினார். அதை ஒற்றைக் கையால் மாட்ட நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அவரே குனிந்து மாட்டிவிடத் தொடங்கினார். ஐயையோ, ஆசிரியை என் காலைத் தொடுவதா? நான் காலை இழுக்க, அவர் பிடிக்க, நான் இழுக்க... ஞானம் அண்ணன் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த பறவைகள் பறந்தன.

மொத்தம் எட்டு அசைவுகள். முதலாவது, இரண்டு கைகளாலும் வானத்தைத் தாங்குவது. மூச்சை இழுத்துக்கொண்டே மெல்ல மெல்லக் கையை உயர்த்த வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூட டிரில். ஒன், டூ, த்ரீ! மற்றவர்கள் தொப்புளிலிருந்து நெஞ்சுக்கு வருவதற்குள், நான் இடது கையால் மூன்று தடவை வானத்தைத் தாங்கி இறக்கியும் வைத்துவிட்டேன்.

மிஸஸ் லின் பக்கத்தில் வந்தார். "வொய் ஹர்ரி? ஸ்கை நாட் கோயிங்."

வானம் எங்கேயும் போகப் போவதில்லையாம்!

அடுத்த அசைவு, வில்லை இழுப்பது. "இது எதுக்கு நல்லது?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? நாம்தான் பாகற்காயிலிருந்து பாயில் படுப்பதுவரை எல்லாவற்றுக்கும் இதைக் கேட்கிறவர்களாயிற்றே. சுகருக்கா? பிரஷருக்கா? குதிகாலைத் தூக்கி இறக்குவது எதுக்கு, கொலஸ்ட்ராலுக்கா? எட்டுக்கும் எட்டுத் தடவை கேட்டேன். எட்டுத் தடவையும் ஒரே பதில். "குட் ஃபார் யூ. நோ டாக்கிங்."

வாரத்தில் மூன்று நாள் பார்க். மற்ற நாட்களில் எங்கள் சமையலறை. ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிவிட்டு, டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை நான் வானத்தைத் தாங்குவேன். என்ன ஆச்சரியம்... இரண்டுக்கும் ஒரே வேகம்! பிசியோ பயிற்சிகளையும் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினேன். சாந்தி கதவு நிலையில் பென்சிலால் என் கை எட்டும் உயரத்தைக் கோடு போட்டுவைத்தாள். முதலில் நெஞ்சு. சில வாரங்களில் தாடை. அப்புறம் மூக்கு. அங்கேயே கொஞ்ச நாள் பிடிவாதமாக நின்றது. நான் சோர்ந்துபோனேன். சாந்தி பென்சிலைச் சீவி வைத்தாள்.

ஒரு காலை, தூக்கிய கையில் ஏதோ சில்லென்று தட்டியது.

காப்பிப்பொடி டப்பா!

"சாந்தீ! டப்பா! டப்பா!" என்று கத்தினேன். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஈரத்துணியோடு ஓடிவந்தாள். டப்பாவும் கையுமாக நான் நிற்பதைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே... நல்லவேளை, ஜன்னல் திரை மூடியிருந்தது.

இதெல்லாம் சீகோங்காலா, பிசியோவாலா, இல்லை தானாகவே சரியானதா? டாக்டரிடம் கேட்டேன். மூன்றுக்கும் தலையாட்டினார்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். சீகோங் கோஷ்டி முழுவதும் ஆஜர். ஞானம் அண்ணனின் மனைவி கட்டிவிட்ட பட்டுப்புடவைகளில், மூன்றாவது வரிசையில். கோயில் தரையின் குளிரைப் பார்த்துவிட்டு மிஸஸ் லின் போட்ட உத்தரவுப்படி, பட்டு வேட்டிக்குக் கீழே எனக்குச் சிவப்பு சாக்ஸ். வீடியோவில் என் மச்சினி, "மாமா, கால்ல என்ன அது?" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலியை வாங்கினேன். என் தோளுக்கு மேலே போக ஒரே ஒரு வழிதான் தெரியும். மூச்சை இழுத்தேன். மெல்ல... மெல்ல... கைகள் எழுந்தன.

நாதஸ்வரக்காரருக்குக் கண் பிதுங்கியது. தவில்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. "கெதியாக் கட்டுங்கோ! கெதியாக் கட்டுங்கோ!" என்று, சீக்கிரம் கட்டச் சொல்லி யாழ்ப்பாணத்துக் குருக்கள் பதறினார். நானா? மூச்சுவிடும் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மூன்றாவது வரிசை எழுந்து நின்றது. நான் மூச்சை இழுக்க அவர்களும் இழுத்தார்கள். என் கைகளோடு பதினோரு ஜோடி வளையல் கைகளும் வானத்தைத் தாங்க எழுந்தன. இதுவும் ஒரு சடங்கு போலிருக்கிறது என்று மண்டபமே கையைத் தூக்கியது. பிடித்திருந்த அட்சதை அவரவர் தலையிலேயே கொட்டியது!

ஒரு முடிச்சு. இரண்டு. மூன்று. ஒரு முடிகூட மாட்டவில்லை.

சாந்தியின் தோள் குலுங்கியது. அழுகிறாளா? குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண் நிறைய நீரும் இருந்தது.

"இப்பதான் ஒழுங்கா கட்டியிருக்கீங்க," என்று என் காதோரம் சொன்னாள். "அன்னைக்கு எதுக்கு அவ்வளவு அவசரம்? நான் என்ன, எந்திரிச்சு ஓடிடவா போறேன்?"

எனக்கும் கண் கலங்கிவிட்டது. முப்பத்திரண்டு வருடத்து வழக்கு அங்கேயே தள்ளுபடி ஆனது.

ஒரே ஒரு வருத்தம். பந்திக்கும் அதே நிதானத்தில் போனோம்... பாயசம் காலி!