மணலில் மட்டும் நடந்த குதிரை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு தை மாதம், பழவேற்காட்டில் கடலைப் பார்த்து இருக்கிற எங்கள் குப்பத்தில் நடந்தது இது. இதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அப்புறம்தான்.

என் வீட்டுக்காரர் மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். அதற்கு முந்தின வருடம் கரையேறும் நேரத்தில் அலை படகைப் புரட்டிப் போட்டதில் அவருடைய வலது தோள் நசுங்கிவிட்டது. எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. வலை இழுக்க முடியாத ஆளை யார் படகில் ஏற்றுவார்கள்? நான் கருவாடு காயவைத்துப் பொன்னேரிப் பக்கம் கொண்டுபோய் விற்றதில் அடுப்பு எரிந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து என் குழம்பில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளைக்கு எந்த வீட்டில் உப்பு சரியாக இருந்திருக்கிறது, சொல்லுங்கள்.

ஒருநாள் திடீரென்று, குதிரை வாங்கப் போகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமையானால் லைட்ஹவுஸையும் பூநாரையையும் பார்க்கச் சென்னையிலிருந்து கார் காராக ஆள் வருகிறார்கள் அல்லவா? அவர்களுடைய பிள்ளைகளைக் கரையில் ஏற்றிச் சுற்றினால் பிழைத்துக்கொள்ளலாமாம். கல்யாண ஊர்வலத்துக்கும் அனுப்பலாமாம்.

"படகு ஓட்டின ஆளு குதிர ஓட்டப் போறியா? உனக்கு இன்னா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினேன்.

"படகுக்கு டீசல் ஊத்தணும். இதுக்குப் புல்லு போட்டா ஓடுது. நீ கம்முனு இரு."

அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவருக்கும்தான் வேறு என்ன வழி இருந்தது? படகில் இருந்த அவருடைய பங்கும் என் காதில் கிடந்ததும் சேர்ந்து குதிரையாக மாறின.

வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். விட்டால் இந்த ஆள் கழுதையைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று பயம். சென்னைப் பக்கம் ஒரு கடற்கரையில் நாலைந்து குதிரை வைத்து ஓட்டுகிற ஒருத்தர்தான் விற்றவர். குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் எங்களோடு வந்திருந்தார்கள். எங்களில் யாருக்கும் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் படகு. அதனால் பழைய படகு வாங்குகிற மாதிரியே பார்த்தார்கள். ஒருத்தர் விலாவைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். இன்னொருத்தர் குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். "தண்ணில எறக்கிப் பாத்துரு" என்று இவர் சொல்ல, அலைக்குள் முட்டி அளவு விட்டு நடத்தினார்கள். பிறகு மணலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட விட்டார்கள். அடடா, அது ஓடின அழகு! வெள்ளை நிறம், பிடரி மயிர் காற்றில் பறக்கிறது, நாலு குளம்பும் கறுப்பாகப் பளபளக்கின்றன. வாங்கிவிடலாம் என்று முதலில் சொன்னதே நான்தான்.

குட்டியானை வண்டியில் ஏற்றிக் குப்பத்துக்குக் கொண்டுவந்தோம். வெள்ளச்சி என்று கூப்பிட்டோம். வீட்டுக்குப் பின்னால் மணலில் பழைய வலையும் பனையோலையும் வைத்து ஒரு கொட்டகை போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல கூட்டம். என் வீட்டுக்காரர் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவ ஆரம்பித்தார். என் குழம்பும் நன்றாக ஆகிவிட்டது.

வருத்தப்பட்டது பக்கத்து வீட்டுக்காரி மட்டும்தான். குதிரைச் சாணிக்கு வருகிற ஈ தன் நெத்திலியில் உட்காருகிறது என்று தினமும் வாசலில் நின்று ஏசுவாள். நானும் விடமாட்டேன். கடைசியில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது.

வெள்ளச்சி மற்ற நாட்களில் நிறைய நேரம் படுத்தே கிடக்கும். சோம்பேறி என்று சிரிப்போம். நிற்கும்போது முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் பின்னால் சாய்ந்துகொண்டு நிற்கும். "ராணி கணக்கா நிக்குது பாரு" என்பார் இவர். அந்த நிலையில் அதைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருந்தார்.

அந்தத் தையிலேயே பஜாரில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை கேட்டார்கள். எங்களுக்கு முதல் கல்யாணம். நெற்றிச்சுட்டி, ஜிகினாத் துணி எல்லாம் கட்டிக் கரை மணல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனோம். பஜாருக்குப் போகிற ஏரிப் பாலத்துத் தார் ரோட்டில் ஏறியதும் ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து வைத்தது. தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறது என்று நினைத்தோம். பஜாருக்குப் போவதற்குள் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். அவர் முன்னால் அவருடைய அக்கா மகளை, சின்னக் குழந்தை, ஏற்றி வைத்தார்கள். மேளம் ஆரம்பித்தது. குதிரை நாலடி நடந்து நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது, வாத்தியக்காரர்கள் முறைக்கிறார்கள், பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள். மேளத்துக்கு மிரளுகிறது என்று யாரோ சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அதுவரை அதை ஒரு அடி அடித்ததில்லை. அன்றைக்குக் குச்சியை எடுத்து அடித்தார். அது இன்னும் கொஞ்சம் நடந்து, முன்னங்கால் இரண்டும் மடிந்து அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை ஒரு பக்கம் சரிந்தார். குழந்தை தலைகுப்புற விழப் போனதை ஒரு மேளக்காரர் மேளத்தைப் போட்டுவிட்டுத் தாவிப் பிடித்தார். அவர் பிடிக்காமல் இருந்திருந்தால்?

"நொண்டிக் குதிரையையாடா இட்டாந்த?" என்று அடிக்கவே வந்துவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. எங்கள் ஆட்கள் வந்து குதிரையை ஆளுக்கொரு பக்கம் தாங்கி வண்டியில் ஏற்றினார்கள்.

மறுநாள் கால்நடை டாக்டரம்மா வந்தார். சின்ன வயதுப் பெண். குளம்பை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். துணி கறுப்பாக வந்தது. செருப்புக்குப் போடுகிற பாலிஷ், மணலில் தேய்ந்தது போக மிச்சம். அதற்குக் கீழே குளம்பைச் சுற்றி வளையம் வளையமாகத் தடித்திருந்தது. உள்ளே எலும்பு கீழே இறங்கிவிட்டதாம், ரொம்ப நாளாக இருக்கிற நோயாம், குணமாகாதாம்.

"வாங்குறப்போ கெட்டியான தரையில நடக்க வெச்சுப் பாக்கலியாண்ணா?" என்று கேட்டார்.

"எங்களுக்குக் கர மணலுதானேம்மா தெரியும்" என்றார் இவர்.

மணலில் குளம்பு புதைவதால் வலி குறைவாகத் தெரியும், ரோட்டில்தான் குட்டு வெளிப்படும் என்று டாக்டரம்மா சொன்னார். "அப்ப மணல்ல அதுக்கு வலிக்கலதானே?" என்று நான் ஆசையாகக் கேட்டேன். "வலிக்கும்மா. குதிரை வலிச்சாக் கத்தாது. படுத்துக்கும். காலை நீட்டிப் பின்னால சாஞ்சு நிக்கும்." என் வீட்டுக்காரர் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

விற்றவருக்குப் போன் போட்டோம். சண்டை பிடிப்பார் என்று நினைத்தால், அவர் சாவகாசமாகப் பேசினார். "நீதானப்பா ஓட்டிப் பாத்து வாங்குன? சரி, போனா போகுது, கொண்டா. பாதி குடுக்குறேன். பீச்ல ஓட்ட இன்னொரு பார்ட்டி கேட்டுக்கினு கீறான்."

எனக்கு அந்தப் பாதி வேண்டும்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? வீட்டில் அரிசிப் பானை காலி. கொண்டுபோய் விட வாடகைக்குச் சொன்ன வண்டி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. எங்கள் வீடுகளுக்கு நடுவே சிமெண்ட் ரோடு. வண்டி அதற்கு மேல் மணலில் இறங்காது. வெள்ளச்சியைக் கொட்டகையிலிருந்து நடத்திக்கொண்டு வந்தோம். மணல் முடிகிற இடம் வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது. ஒரு காலைத் தூக்கிச் சிமெண்டில் வைக்கப் பார்த்து எடுத்துக்கொண்டது. உடம்பு நடுங்கியது. அந்தக் குளிரிலும் கழுத்தெல்லாம் வேர்வை.

என் வீட்டுக்காரர் கயிற்றைக் கீழே போட்டார். "நீ போப்பா" என்று டிரைவரிடம் சொன்னார்.

நான் ரோடு என்றும் பார்க்காமல் கத்தினேன். "நாளைக்கு இன்னாத்தத் துன்றது? உன் மனச உப்புப் போட்டுக் காயவெச்சாத் துன்ன முடியுமா?"

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "அவன் மறுக்கா பாலிஷ் போட்டு யார் தலையிலயோ கட்டுவான். வாங்குறவன் என்ன மாதிரி ஒரு கை வெளங்காதவனா இருந்தா இன்னா பண்றது?" என்றார். வண்டி போய்விட்டது. என் காது நகையும் படகுப் பங்கும் அத்தோடு போயின.

அதற்குப் பிறகு வெள்ளச்சி எழுந்து நின்றது குறைவு. டாக்டரம்மா மருந்து கொடுத்தார், குளம்புக்கு மெத்தை மாதிரித் துணி கட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. எலும்பு அடிப்பாதத்தைக் கிழித்துக்கொண்டு வரப் போகிறது, இனிமேல் வைத்திருப்பது பாவம், ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கை வைத்தபடியே, "அடிச்சுட்டேனே, அது நடக்க முடியாம நின்னுதுன்னு தெரியாம அடிச்சுட்டேனே" என்று அழுதார். தோள் உடைந்தபோதுகூட அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

புதைக்கிறதிலும் கஷ்டம். வீட்டுக்குப் பின்னால் தோண்டினால் இடுப்பளவுக்குள் உப்புத் தண்ணீர் ஊறுகிறது. பக்கத்திலேயே குடிதண்ணீர் பம்பு. ஊரில் கூடாது என்றுவிட்டார்கள். சவுக்குத் தோப்பு மேட்டில் இடம் காட்டினார்கள். கடல் பக்கமாகச் சுற்றிப் போக முடியாது, அலைக்குக் கருங்கல் கொட்டியிருக்கிறது. சிமெண்ட் ரோடு ஒன்றுதான் வழி. இங்கேயே ஊசி போட்டுவிடுங்கள், படகு இழுக்கிற மாதிரி வடம் கட்டி இழுத்துவிடலாம் என்று ஆண்கள் சொன்னார்கள். சிமெண்டில் இழுத்தால் தோலெல்லாம் உரிந்துவிடாதா? "அத்த இஸ்துக்கினு போக நா உடமாட்டேன்" என்று இவர் ஒரே பிடிவாதம். வண்டியில் ஏற்றலாம் என்றாலும் நடத்திக் கூட்டிப்போகலாம் என்றாலும் அது சிமெண்டில் கால் வைக்காது. டாக்டரம்மா வலிக்கு ஒரு ஊசி போட்டுவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். நாங்களும் நின்றோம்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி, கருவாட்டுக் கூடை நிறைய மணலை அள்ளிக்கொண்டு வந்து என் வாசலுக்கு நேராக ரோட்டில் கொட்டினாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில், சமயம் பார்த்துச் சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இன்னாத்துக்குடி இங்க கொட்டுற?" என்று பாய்ந்தேன்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? அது கால் வெக்கத்தான். மரம் கணக்கா நிக்காத, போய்க் கூட எடுத்துனு வா."

ஓடிப்போய்க் கூடையை எடுத்துக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்து எதிர்வீட்டுப் பெண் வந்தாள். அப்புறம் யார் யார் வந்தார்கள் என்று எண்ண முடியவில்லை. மீன் கூடை, குடம், அன்னக்கூடை, கையில் கிடைத்ததிலெல்லாம் மணல் வந்தது. வடம் கட்டச் சொன்ன ஆண்கள் பழைய வலையில் மணலைக் குவித்து நாலு பேராகத் தூக்கி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு மேலே நடந்து நடந்து பார்த்தாள். "நெத்திலி பரப்புற மாதிரி மெல்லிசா போடாதீங்கடி, அடியில சிமெண்டு தட்டுது, இன்னும் கொட்டுங்க" என்று எல்லாரையும் விரட்டினாள். வீடுகள் முடிந்து தோப்பு ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் ரோடே தெரியாமல் போய்விட்டது.

வெள்ளச்சியைக் கைகொடுத்து எழுப்பினார்கள். ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் பழையபடி நின்று, காலை மெதுவாக வைத்துப் பார்த்தது. கால் புதைந்தது. அடுத்த காலை வைத்தது. அப்புறம் நிற்கவே இல்லை, மெதுமெதுவாக நடந்தது. என் வீட்டுக்காரர் கயிற்றை இழுக்காமல் பக்கத்திலேயே நடந்தார். குப்பம் முழுக்க வாசலில் நின்றது. தோப்பில் டாக்டரம்மா ஊசி போடும்போது இவர் அதன் தலையை இடது கையால் அணைத்துப் பிடித்திருந்தார். சீக்கிரம் முடிந்துவிட்டது.

ரோட்டு மணலை வெகு நாள் யாரும் வாரவில்லை. ஆட்டோக்காரர்கள் சக்கரம் சிக்கித் திட்டிக்கொண்டே போனார்கள். காற்றே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போனது. இவர் இப்போது உட்கார்ந்த இடத்தில் வலை பின்னிக் கொடுக்கிறார், கூலி கம்மிதான். பக்கத்து வீட்டுக்காரியோடு எனக்குத் திரும்பவும் சண்டை வந்துவிட்டது, இந்தத் தடவை குழாயடியில். ஆனாலும் அவள் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் முதலில் போய் நிற்பவள் நான்தான்.

போன வருடம் என்னைப் பெற்ற நைனாவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இனிமே நம்ம கையில இன்னாக்கா கீது?" என்று தங்கச்சி உடைந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். நான் உட்காரவில்லை. வெந்நீர் வைத்து உடம்பு துடைத்தேன், வலி மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன், படுக்கையில் துணி சுருங்காமல் நீவி நீவி விட்டேன். பிழைக்க வைக்க முடியாத உயிரும் போய்ச் சேருகிற வரைக்கும் நடந்துதானே ஆகவேண்டும், அந்த வழியில் கூடை கூடையாக மணல் கொட்ட நம்மால் முடியும் என்பதை நான் அந்தச் சிமெண்ட் ரோட்டில்தான் கற்றுக்கொண்டேன்.