ஒன்பது வெள்ளி

ஜோவான் அக்காவின் அண்ணன் டேரில், மனைவி ஷார்லினோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர்கள் பெட்டியில், அக்காவின் அம்மா சேலையில் குத்திக்கொண்ட வெள்ளி புரோச்சும் போனது. போக வைத்தவள் நான்.

அக்கா ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி. பாயான் பாரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக மைக்ரோஸ்கோப்பில் கணினிச் சில்லுகளின் கீறல் தேடுகிறார். படுத்துவிட்ட அம்மாவை ஷிப்டுக்கு நடுவே பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அம்மா இறந்த பிறகு அவர் ஆசைப்பட்டது அந்த புரோச் ஒன்றுக்குத்தான். ஆனால் அவர்கள் வீட்டு வழக்கப்படி பரம்பரை நகை மூத்த மருமகளுக்கு. அம்மா தானே வாங்கியது மகளுக்கு. இது எந்த வகை என்று யாருக்கும் தெரியவில்லை. டப்பாவில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தது: "ஒன்பது வெள்ளி."

நான் நான்கு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்திருந்தேன். லிஸ்பனில் ஒரு பழம்பொருள் கடையில் மூன்று வாரம் சாமான்களுக்குத் தாள் சுற்றியிருக்கிறேன். நிபுணராக அது போதாதா?

"வாங்குன வெலையா இருக்கும்லா," என்றார் டேரில். எங்கள் ஊரில் பணத்துக்கும் வெள்ளி என்றுதான் பேர்.

"இல்லண்ணே. அந்தக் காலத்து வெள்ளிக் காசு ஒன்பத உருக்கிச் செஞ்சது. நூறு வயசாவது இருக்கும்."

அக்கா அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். "ரூபினி, ஒன்பது காசுன்னா இவ்ளோ லேசாவா இருக்கும்?"

"தேஞ்சிருக்கும்க்கா."

கால் கிலோ வெள்ளி தேய்ந்து ஒரு பிஸ்கட் எடைக்கு வருமா என்று நான் யோசிக்கவே இல்லை.

"சரிலா. ஊரெல்லாம் பாத்தவ சொல்றா," என்று அக்கா டப்பாவை அண்ணியிடம் நீட்டினார். பிறகு ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்தேன்: ஷிப்ட் களைப்பு.

ஒன்றரை வருடம் கழித்து, ஜுருவில் என் ஐந்தாவது வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள், அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஷார்லின் அவருக்கு எழுதியதை அப்படியே அனுப்பியிருந்தார்:

"ஜோவான், டப்பா வெல்வெட் கிழிஞ்சிருச்சு. அடியில நகைக்கடை ரசீது, 1991. பின்பக்கம் அத்தை எழுதியிருக்காங்க: 'மாத முதல் வெள்ளி ஒன்பதும் தவறாமல் மாதாகோயில் பூசைக்குப் போய் முடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு நானே வாங்கியது.' இது உனக்குச் சேர வேண்டியது. நேத்தே போஸ்ட் பண்ணிட்டேன்."

கீழே அக்கா எழுதியிருந்தார்:

"வெள்ளிக்கிழமைடி, எக்ஸ்பர்ட்டு! மாசாமாசம் பூசைக்குப் போற எனக்கே தோணல பாரு. பார்சல் வந்ததும் மேல வா. பாக்கலாம், தொடலாம். வாய மட்டும் தொறக்காத."