ஐசியில் உள்ளபடி

எங்கள் வீட்டில் ஒரு பேசும் டப்பா இருக்கிறது. பால் டின் அளவுதான். மேலே வளையமாக ஒரு விளக்கு. அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் விளக்கு எரியும், ஆங்கிலத்தில் பதில் வரும். இன்று மழை வருமா என்று கேட்டால் சொல்லும். செம்பவாங்கில் பத்தாவது மாடியில் இருப்பவனுக்கு மழை வருமா என்று தெரிய ஜன்னல் போதும். ஆனால் ஜன்னலை யாரும் தவணையில் விற்பதில்லை.

வாங்கி வந்தவன் என் மகன். காரணம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒருநாள் காலை நான் காப்பிக் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி சமையலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். கைப்பேசி படுக்கையறையில் சார்ஜில் இருந்தது. முழங்கால் வீங்கி, எழ முடியாமல், நான் இரண்டாவது காப்பியைக் குடித்து முடித்து வரும்வரை தரையிலேயே கிடந்தாள். அவளுக்குச் சர்க்கரை வேறு. நான் கதவைத் திறந்ததும் "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகன் பொங்கோலில் இருக்கிறான். அன்றைக்கு வந்து தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு வந்தான். இனிமேல் அம்மா விழுந்தாலும் படுத்தபடியே வாயால் சொன்னால் போதுமாம், டப்பா எனக்குப் போன் போடுமாம். நான் வெளியே சுற்றுவதை நிறுத்த முடியாது என்று அவன் முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது.

பொருத்த மூன்று மணி நேரம் ஆனது. நான் முப்பத்தைந்து வருடம் கப்பல் பட்டறையில் கிரேனுக்குச் சைகை காட்டியவன். கப்பலின் எஞ்சினையே அதைவிடச் சீக்கிரம் இறக்கியிருக்கிறோம். இவன் வைஃபை பாஸ்வேர்டு கேட்டான். அது எனக்கு எப்படித் தெரியும்? சாமி அலமாரிக்குப் பக்கத்து பிளக்தான் வாகாக இருக்கிறது என்று மின்விளக்கைப் பிடுங்கினான். மனைவி முகம் மாறியதைப் பார்த்துத் திரும்பவும் மாட்டினான். பிறகு டப்பா தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம், அதற்கு நாற்பது நிமிடம். இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தோம், அதற்குள் பழசாகிவிட்டதா என்று கேட்டேன். "அப்படித்தான்ப்பா, பேசாம இருங்க லா" என்றான்.

கடைசியில் சோதனை. மனைவி சோபாவில் உட்கார்ந்து அந்த வெள்ளைக்காரியின் பெயரை வாய் கூசாமல் சொன்னாள். அடுத்து ஆங்கிலத்தில் 'கால்' என்று சொல்லி மகன் பெயரைச் சொன்னாள். அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு. எனக்கும் கொஞ்சம் வியப்புதான். காட்டிக்கொள்ளவில்லை.

"இப்ப அப்பாவக் கூப்பிடுங்கம்மா" என்றான்.

அவள் வெள்ளைக்காரியின் பெயரைச் சொல்லி அத்தோடு நிறுத்திக்கொண்டாள். டப்பாவின் விளக்கு எரிந்து, காத்திருந்து, அணைந்தது.

என் மனைவி என் பெயரைச் சொல்ல மாட்டாள். கல்யாணம் ஆகி நாற்பத்தொரு வருடம் ஆகிறது. சொன்னால் எனக்கு ஆயுள் குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியது. இவள் படிக்காதவள் இல்லை. ஆங்கிலப் பேப்பர் படிப்பாள், பேங்க் வேலையெல்லாம் போனிலேயே முடிப்பாள். ஆனால் இது மட்டும் முடியாது. வீட்டில் நான் 'என்னங்க'. வெளியாரிடம் 'அவங்க'. பாலிகிளினிக் கவுண்டரில் கணவர் பெயர் என்ன என்று கேட்டால், கைப்பையிலிருந்து என் ஐசியின், அதாவது அடையாள அட்டையின், நகலை எடுத்து நீட்டுவாள். அதற்காகவே ஒரு நகல் வைத்திருக்கிறாள். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியது. கவுண்டரில் இருக்கும் சீனப் பெண்கள் இவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்து உரக்க, நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். அதையும் பொறுத்துக்கொள்வாள்.

இது மகனுக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? அவன் போனில் நான் 'அப்பா' இல்லை. ஐசியில் உள்ளபடி முழுப்பெயர். என் பெயர், நடுவில் 'எஸ் ஓ', அதாவது இன்னாரின் மகன், அதற்குப் பின்னால் என் அப்பாவின் பெயர். ஆஸ்பத்திரி பாரம் நிரப்ப வசதியாம். பெற்ற தகப்பனைப் பாரத்துக்காகப் போனில் வைத்திருப்பவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் பட்டியலை அப்படியே டப்பாவுக்குள் இறக்கிவிட்டான்.

ஆக, அவள் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் என் பெயரை மட்டுமல்ல, மாமனார் பெயரையும் சொல்ல வேண்டும். செத்துப்போன மாமனார். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு எதிரே நாற்காலியில் உட்காராதவள்.

"வேற ஏதாவது பேர் போட்டுக் குடுடா" என்றாள் மகனிடம்.

அவன் போனை எடுத்தான். நான்தான் தடுத்தேன்.

"மாத்தாத. உயிர் போற நேரத்துல என்ன சம்பிரதாயம்? வாயத் தொறந்து சொல்லட்டும்."

நியாயம் பேசுகிறவன் போலத்தான் சொன்னேன். உண்மை வேறு. நாற்பத்தொரு வருடமாக அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டதில்லை. ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. டப்பாவை வைத்து அதைச் சாதித்துவிடலாம் என்று பார்த்தேன். அவ்வளவுதான் என் அக்கறை.

அவள் சொல்லவில்லை. சரி, நீங்களே ஒரு தடவை சொல்லிப் பாருங்கப்பா, லைன் வருதான்னு பாக்கணும் என்றான் மகன். என் பெயரை நானே கூப்பிட எனக்கென்ன பைத்தியமா என்று எழுந்து போய்விட்டேன். அவனுக்கும் நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டான். என் போனுக்கு அந்த டப்பாவிலிருந்து ஒரு தடவைகூட அழைப்பு வராமலே வேலை முடிந்ததாக மூவரும் ஏற்றுக்கொண்டோம். பட்டறையில் சோதிக்காத கொக்கியில் எவனாவது பாரத்தை மாட்டியிருந்தால் நான் அவன் காதைத் திருகியிருப்பேன்.

அடுத்த சில வாரங்களில் என் மனைவியும் டப்பாவும் நன்றாகப் பழகிவிட்டார்கள். சோறு வேக நேரம் வைக்கச் சொல்வாள். பாட்டுப் போடச் சொல்வாள். எனக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறவள் அதற்கு 'தேங்க் யூ' சொல்வாள். சொன்னால் கரண்ட் பில் குறையுமா என்று கேட்டேன். "அது ஒரு தடவை சொன்னாக் கேக்குது" என்றாள். நானும் விடவில்லை. தினமும் வெளியே கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "விழுந்தா பேர் சொல்லு, ஓடி வர்றேன்" என்பேன். இதை ஒரு பெரிய நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாசல் கேட்டை இழுத்துப் பூட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஆட்டுக்கறி வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனேன். செம்பவாங்கில் கறி கிடைக்காமல் இல்லை. டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறி ஒரு மணி நேரம் போனால்தான் எனக்குக் கறி வாங்கிய மாதிரி இருக்கும். கறிக்கடையில் வரிசையில் நின்றபோது போன் அடித்தது. எண்ணுக்கு முன்னால் பிளஸ் குறி. வெளிநாட்டு அழைப்பு. பிளஸ் குறியோடு வந்தால் எடுக்காதீர்கள், மோசடிக்காரர்கள் என்று லிஃப்ட்டுக்குப் பக்கத்தில்கூட ஒட்டியிருக்கிறார்கள். துண்டித்தேன். உடனே மறுபடியும் அடித்தது. மறுபடியும் துண்டித்தேன்.

"யாருண்ணே?" என்றார் கறி வெட்டுகிறவர்.

"ஏமாத்துக்காரன் லா. என்கிட்டயா நடக்கும்?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஏமாந்துபோனவர்கள் எல்லாம் புத்தி இல்லாதவர்கள் என்று அவர்களுக்கு ஒரு பிரசங்கமும் செய்தேன். எலும்பு குறைத்து வெட்டச் சொல்லிக் கறியை வாங்கிக்கொண்டு திரும்பியபோது மகன் கூப்பிட்டான்.

"ப்பா, எங்க இருக்கீங்க? அம்மா கிச்சன்ல கீழ உக்காந்திருக்காங்க. சுகர் இறங்கிருச்சு. உங்களுக்கு ரெண்டு தடவ அடிச்சிருக்காங்க, ஏன் கட் பண்ணீங்க?"

டாக்சி பிடித்தேன். தேக்காவிலிருந்து செம்பவாங்வரை அந்தக் கறிப் பை என் மடியில் இருந்தது. ஓட்டுநர் ஏதோ பேச்சுக் கொடுத்தார். என்ன சொன்னார் என்று தெரியாது. எலும்பு குறைத்து வெட்டச் சொல்லி நான் நின்றது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மகன் எதிர்வீட்டு மலாய் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான். சாவி அவரிடம் ஒன்று உண்டு. அவர் வந்து கேட்டைத் திறந்து, சர்க்கரை நிறையப் போட்ட மைலோவைக் குடிக்க வைத்து, சோபாவில் உட்கார வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கையிலிருந்த கறிப் பையை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

மனைவியின் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த எண் பிளஸ் குறியோடு வந்தது என்றேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். சாட்சிக்கூண்டில் நிற்பவன் மாதிரி.

"ரெண்டு தடவ சொன்னேன்" என்றாள். "உங்க அப்பா பேரையும் சேத்து."



சாயங்காலம் மகன் வந்தான். எண் ஏன் அப்படி வந்தது என்று பார்க்கத் தன் போனைத் தோண்டினான். டப்பா போடும் போன் இணையம் வழியாக வருவதால் பிளஸ் குறியோடுதான் வருமாம். அந்த டப்பா தன்னிடம் சொன்னதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறது. நாம் என்ன கேட்டோம், எத்தனை மணிக்குக் கேட்டோம், எல்லாம் அவன் போனில் வரிசையாக இருக்கிறது. இது முன்பே தெரிந்திருந்தால் டப்பாவைப் பத்தாவது மாடியிலிருந்து போட்டிருப்பேன். அவன் ஒன்றைத் தட்டினான். என் மனைவியின் குரல் வந்தது.

"கால்... அவங்க."

மன்னிக்கவும், அப்படி யாரும் இல்லை என்று டப்பா ஆங்கிலத்தில் சொன்னது. நான் வெளியே போயிருந்த ஒரு காலைநேரம் அது. அடுத்த நாள் இன்னொன்று. "கால்... இவன் அப்பா." மன்னிக்கவும். இன்னொரு நாள், "கால்... கால்... என்னங்க." மன்னிக்கவும். ஒரு நாள் என் பெயரின் முதல் எழுத்து மட்டும், பிறகு ஒரு இருமல். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிண்டல் செய்துவிட்டுப் போன ஒவ்வொரு நாளும் அவள் கேட்டைப் பூட்டிவிட்டு இதைச் செய்து பார்த்திருக்கிறாள்.

கடைசியாக அன்றைய பதிவு. மூச்சு வாங்குகிறது. வார்த்தை குழறுகிறது. ஆனால் முழுதாகச் சொன்னாள். என் பெயர். எஸ் ஓ. என் அப்பா பெயர். கவுண்டரில் எண் கூப்பிடுவதுபோல, ஒன்றுவிடாமல். பிறகு போன் அடிக்கும் சத்தம். அடித்து, நிற்கிறது. மறுபடி அதே பெயர். இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக. அதுவும் நிற்கிறது. மூன்றாவதாகத்தான் மகன் பெயர்.

"நிறுத்துடா அத" என்றாள் அவள் சோபாவிலிருந்து.

கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா? கேட்டுவிட்டேன்.

மகன் போனதும் என் போனை எடுத்துப் பார்த்தேன். தகப்பனை ஐசிப்படி வைத்திருக்கிறான் என்று அவனை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். என் போனில் என் மனைவிக்கு என்ன பெயர்? 'வீடு'. நானும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'இந்தா' என்பேன். அதற்குச் சம்பிரதாயம்கூடக் கிடையாது, வெறும் திமிர். அந்தப் பிளஸ் எண்ணை அவள் பெயரில் சேர்த்தேன். அவளுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் அவள் பெயருக்கு எத்தனை எழுத்து என்றே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கைப்பையைத் திறந்து அவள் ஐசியைப் பார்த்துத்தான் அடித்தேன். அதற்குப் பின்னால் நாலாக மடித்த என் நகல் இருந்தது.

அடுத்த தடவை மகன் வந்தபோது, டப்பாவில் என் பெயரை மாற்றிவிடலாம், 'அப்பா' என்றே போட்டுவிடு என்று நானே சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள்.

"அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லிப் பழகிட்டேன். அது அப்படியே கெடக்கட்டும். நீங்க எடுக்கப் பழகுங்க."

இப்போது சனிக்கிழமைதோறும் சோதனை நடக்கிறது. நான் வீட்டில் இருக்கும்போது அவள் சொல்ல மாட்டாள். அதனால் காலையில் காப்பியைக் குடித்ததும் நான் லிஃப்ட்டில் இறங்கி, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் பெஞ்சில் உட்கார வேண்டும். சதுரங்கம் ஆடுகிற சீனக் கிழவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். பெண்டாட்டி துரத்திவிட்டாள் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில வாரம் உடனே அடிக்கும். சில வாரம் கால் மணி நேரம் ஆகும். மேலே என்ன நடக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

அடித்ததும் எடுக்கிறேன்.

"ம்" என்கிறேன்.

"ம்" என்கிறாள். வைத்துவிடுகிறாள்.