முன்கூட்டியே கொடுத்த முடி

நான் வாத்தியாராகத்தான் படித்தேன். கணக்கில் பட்டம், அதற்கு மேல் பி.எட். வேலைதான் கிடைக்கவில்லை. கிடைத்தது மெட்ராஸில் பம்புசெட் விற்கும் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவு. திருத்தணியில் விடியற்கால ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடியது. மேனேஜர் கத்துவார், நான் நிற்பேன். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். என்னால் ஒரு உயிருக்காவது பிரயோஜனம் உண்டா என்றால், சத்தியமாக இல்லை. சில நாள் அரக்கோணத்தில் வண்டி நிற்கும்போது, இறங்கி எதிர் ரயிலில் ஏறி வீட்டுக்கே போய்ப் படுத்துவிடலாமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்னும் ஒரு வருஷம் போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நைஜீரியாவில் பள்ளிக்கூடங்களுக்குக் கணக்கு வாத்தியார்கள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு, மெட்ராஸில் ஒரு ஓட்டலில் நடந்த இன்டர்வியூவுக்குப் போனேன். அந்த நாட்டுக்காரர் ஒருவர் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டு விளக்கச் சொன்னார். சாக்பீஸ் கையில் ஏறியதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முடிந்ததும் கைகுலுக்கி, ஆர்டர் தபாலில் வரும் என்றார். அன்றைக்கு ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

ஆர்டர் வரவில்லை. வாரங்கள் போயின. அம்மா ஏற்கெனவே என் முடியை மலைமேல் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். காரியம் நடந்த பிறகு கொடுப்பதுதான் எங்கும் வழக்கம். அம்மாவின் கணக்கு வேறு.

"மொதல்ல முடிய குடுத்துட்டு வாடா. கைநீட்டி வாங்கிகினு சும்மா இருப்பாரா அவரு?"

"ஆர்டர் வரட்டும்மா. ஆபீஸ்ல கேட்டா இன்னா சொல்றது?"

"சும்மா குடுத்தேன்னு சொல்லு. ஊருல மொட்டைக்கா பஞ்சம்?"

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறினேன். அன்று கிருத்திகை வேறு, மொட்டை போடுகிற இடத்தில் நெருக்கித் தள்ளினார்கள். தலையைக் குனிந்து உட்கார்ந்தவன், நிமிர்வதற்குள் மேலுதடு சில்லென்றது.

"யோவ், மீசைய ஏன்யா எடுத்த?"

"வேணாம்னு சொல்லலயே நீங்க. மொட்டைன்னா எல்லாந்தாங்க" என்று நாவிதர் அடுத்த தலைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை இன்னொரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். தலையில் சந்தனம் இருந்தால் 'என்ன வேண்டுதல்' என்று ஆபீசில் ஆளாளுக்குக் கேட்பார்களே என்று, சிகைக்காய் போட்டு ஒரு பொட்டுச் சந்தனம் இல்லாமல் கழுவினேன். ரயிலில் கூட வருகிற எங்களூர்க்காரர்களுக்கு மொட்டையைப் பார்த்தாலே வேண்டுதல் என்று தெரியும், சிரித்தார்கள். மெட்ராஸ்காரர்களுக்கு என்ன தெரியும்? சந்தனம் இல்லை, மீசை இல்லை, தூக்கமில்லாமல் முகம் வேறு வெளிறிக் கிடக்கிறது. அவர்கள் கண்ணுக்குச் சாவு வீட்டிலிருந்து நேராக வந்தவன்தான் நான்.

மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார். ஏழெட்டு வருஷத்தில் என்னைத் தொடாத மனுஷன், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவா?"

சுற்றிலும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "ஒரு தந்தி அடிச்சிருந்தா வந்திருப்போமே. எதுக்கு இன்னிக்கே வந்தீங்க? பதினஞ்சு நாள் இருந்துட்டு வாங்க" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். வேலையும் இருந்திருக்கும், லீவும் கிடைத்திருக்கும், ஆர்டர் வந்தபின் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் எங்கள் நைனா, அதுதான் என் அப்பா, பவர்லூமில் கூலிக்கு ஓட்டுகிறவர், அன்று காலை என் மொட்டையைத் தடவி, "சைக்கிள் டயர் மாதிரி கீதுடா" என்று சிரித்துவிட்டு பீடி பற்றவைத்தவர். அவரைச் சாகடிக்க எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல சார். அவர் நல்லா இருக்கார். இது வேண்டுதல்."

மேனேஜர் கையை விட்டார். இத்தனை பேர் முன்னால் துக்கம் விசாரித்த அசட்டுத்தனம் அவர் முகத்தில் கோபமாக ஏறியது. "அப்படி என்னய்யா வேண்டுதல்?" என்றார். அந்த 'ய்யா'வில் எனக்கு எங்கிருந்தோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் பொறுத்த வாய், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? "இங்கேருந்து தொலையணும்னு வேண்டுதல், சார். வெளிநாட்டுக்கு வாத்தியார் வேலைக்குப் போறேன்" என்றேன். மத்தியானத்துக்குள் ராஜினாமாவை எழுதி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் நைனா தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, ஆமான்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நீ சொன்னா நா இன்னா செத்தா பூடப்போறேன்?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் என் வேலை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அம்மாதான் முதலில் வாசலுக்குப் போவாள். அவர் பாவம், எங்கள் வீட்டைத் தாண்டும்போது வேகமாக மிதிக்க ஆரம்பித்தார். என் தலையில் முடி வளர்ந்து வகிடு எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆர்டர்தான் வரவில்லை. பகலில் வெளியே தலைகாட்டவே கூசினேன்.

என்னோடு இன்டர்வியூவுக்கு வந்த ஒருவரை ஒருநாள் அரக்கோணம் ஸ்டேஷனில் பார்த்தேன். "உங்களுக்குச் சேதி தெரியாதா?" என்றார். அந்த நாட்டில் பணமுடையாம். புதிதாக யாரையும் எடுக்கவில்லை, எடுத்தவர்களுக்கும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்களாம். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ரயிலை விட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டில் எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரத்தைத் தள்ளினேன். அந்த வாரம் ஒருநாள் காலையிலிருந்து அம்மாவைக் காணவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வந்தாள். முக்காட்டை எடுத்தாள். தலை நிறையச் சந்தனம்.

இடுப்பு வரைக்கும் முடி அவளுக்கு. சிக்கெடுக்கவே அரைமணி ஆகும்.

"யாரைக் கேட்டு இதைப் பண்ண? யாரைக் கேட்டும்மா?" என்று கத்தினேன். தொண்டை கிழிந்துவிடும்போல் கத்தினேன். நைனா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் குடித்துவிட்டுச் சொன்னாள்: "உன்னுது பத்தலியோ இன்னாவோ. அதான் என்னுதையும் குடுத்துட்டேன். இனிமே வந்துடும் இல்லடா?"

மேனேஜரிடம் வராத பொய் அப்போது வந்தது.

"ஆங். வந்துடும்மா" என்றேன்.