போட்ட கயிற்றை எடுத்த நாள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் டிரைவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி ஆபீசில் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். அதற்கப்புறம் பல மாதம் இழுத்தடித்துவிட்டேன்.

1. பச்சையும் மஞ்சளும்

இன்றைக்கு நம் வண்டிகள் எல்லாம் வெள்ளை, கதவில் ஒரே பெயர். நான் ஸ்டியரிங் பிடித்த காலத்தில் அப்படி இல்லை. செஞ்சியில் எங்கள் லாரி சர்வீஸ், பச்சை வண்டிகள். திண்டிவனத்தில் இன்னொரு சர்வீஸ், மஞ்சள் வண்டிகள். இரண்டுமே ஒற்றை வண்டியில் ஆரம்பித்து, நெல்லும் உரமும் ஏற்றி ஏற்றி வளர்ந்தவை. நடுவில் இருக்கும் வல்லம் பக்கத்து ஊர்களுக்காக இரண்டும் அடித்துக்கொண்டன.

அந்தச் சண்டைக்கு ஒரு சட்டம் இருந்தது. சரக்கு வைத்திருப்பவர் இரண்டு ஆபீசுக்கும் போன் போடுவார். எந்த வண்டி முதலில் வந்து மூட்டை அடுக்கின் மேல் கயிறு போடுகிறதோ, சரக்கு அந்த வண்டிக்கு. கயிறு விழுந்த அடுக்கை மற்றவன் தொடமாட்டான். போட்ட கயிற்றைப் போட்டவனும் எடுக்கமாட்டான், எடுத்தால் மானக்கேடு.

பிறகு சென்னையில் இருந்த ஒரு பெரிய கம்பெனி வந்தது. அவர்களிடம் டிரெய்லர் உண்டு, கன்டெய்னர் உண்டு. ஆனால் களத்துமேடு வரைக்கும் போய் மூட்டை தூக்க ஆள் இல்லை. அதனால் ஊர் ஊராக இருந்த சின்ன சர்வீஸ்களை ஒவ்வொன்றாக வாங்கினார்கள். எங்களையும் வாங்கினார்கள், மஞ்சளையும் வாங்கினார்கள். ஒரே தாய்க் கம்பெனிக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள் ஆனோம். பெயின்ட் மட்டும் அப்போதைக்கு மாறவில்லை.

கூடவே ஒரு பேச்சும் வந்தது. இந்த ரோட்டுக்கு ஒரு ஆபீஸ் போதும், எது அதிகம் லோடு பிடிக்கிறதோ அது இருக்கும், மற்றது மூடப்படும் என்றார்கள். மூடினால் என்னைச் சென்னை லைனில் போட்டுவிடுவார்கள். அப்போது என் மனைவி செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்தாள். விடியற்காலையில் மாவு அண்டாவைக் கடையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் நான் வண்டி எடுப்பேன். சென்னைக்குப் போனால் அண்டாவை யார் தூக்குவது என்பதே எனக்குக் கவலை.

2. ஆபீசர் ஏறின வண்டி

எந்த ஆபீஸை வைப்பது என்று பார்க்க ஒரு ஆபீசர் சென்னையிலிருந்து வந்தார். கையில் டிபன் கேரியரோடு என் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்தார். திண்டிவனம் மில்லுக்குப் பாதி வண்டி நெல் ஏற்றியிருந்தேன். போகிற வழியில் மேல்சித்தாமூரில் நயினார் ஒருவரின் மல்லாட்டைக்குக் கயிறு போட வேண்டும். மல்லாட்டை என்பது வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம்.

வல்லம் தாண்டியதும் மேல்சித்தாமூருக்குத் திரும்பும் கைகாட்டி தெரிந்தது. எதிரே தூரத்தில் மஞ்சள் மூஞ்சி ஒன்றும் தெரிந்தது. திண்டிவனம் டிரைவர் ஏழுமலை ஓட்டும் வண்டி. அந்த ஆளோடு நான் ஒரு வார்த்தை பேசினது இல்லை. ஆனால் அவன் ஹாரன் அடித்தால் என் கால் தானாக ஆக்சிலேட்டரில் ஏறும். பக்கத்தில் ஆபீசர் இருப்பதே மறந்துபோனது.

"எதிர்ல வர்ற மஞ்ச வண்டி யாருதுப்பா?" என்றார் ஆபீசர்.

"நம்ளுதுதான் சார்."

"அப்புறம் ஏன்யா இந்த மெதி மெதிக்கிற?"

நான் கியரை மாற்றினேன். லோடுமேன் சின்னப்பன்தான் பின்னாலிருந்து சொன்னான்: "வண்டி நம்ளுது சார். ஆளு நம்மாளு இல்ல."

கைகாட்டியில் நான்தான் முதலில் திரும்பினேன். டிபன் கேரியர் சாய்ந்து ஆபீசர் பேண்ட் முழுக்கச் சாம்பார். மனிதர் திட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பின்னால வர்றானா பாரு" என்று சின்னப்பனிடம் சொன்னார்.

நீங்கள் யாரும் இப்படி ஓட்டக் கூடாது. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து எழுதவும் எனக்குத் தெரியவில்லை.

3. களத்தில்

வண்டி நிற்பதற்குள் சின்னப்பன் குதித்து ஓடிக் கயிற்றை வீசினான். மஞ்சள் வண்டியின் கிளீனரும் ஓடிவந்து வீசினான். இரண்டும் அடுக்கின் மேல் கிடந்தன.

"எங்க கயிறு அடியில இருக்குது பாரு. அப்போ எது மொதல்ல உழுந்துது?" என்றான் சின்னப்பன்.

"ஆமா, உன் கயிறு காத்துல பறந்து போயி அடியில பூந்துக்குச்சு" என்றான் அந்தக் கிளீனர்.

நயினார் இருவரையும் பார்த்தார். "இன்னாய்யா, ரெண்டு பேரும் ஒரே கம்பெனி ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க. கல்யாணம் ஆயுமா சண்ட நிக்கல? காலையில செஞ்சி கமிட்டியில ஏலம். எவன் ஏத்துனாலும் செரி, பொழுது எறங்கறதுக்குள்ள ஏத்துங்க. நான் போயி சாப்புடணும்."

அவர் ஜைனர். பொழுது சாய்ந்தால் பிறகு சாப்பாட்டைத் தொடமாட்டார். வெயில் அப்போதே மஞ்சளடித்துவிட்டது.

ஆபீசர் செல்போனில் எதையோ அமுக்கிக்கொண்டே கேட்டார்: "உன் கயிறுதான் மொதல்ல உழுந்துது, நானே பாத்தேன். ஏத்திக்கிறியா?"

ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் மல்லாட்டை செஞ்சி கமிட்டிக்கு, அதாவது விற்பனைக்கூட ஏலத்துக்குப் போகிற சரக்கு. என் வண்டி திண்டிவனம் போகிற வண்டி. முன்பெல்லாம் வந்த வழியே திரும்பி ஓடி இறக்குவோம், மில்லுக்காரர் நெல்லுக்குக் காத்துக் கிடப்பார். ஏழுமலை வண்டியிலோ செஞ்சிக்குப் போகிற உர மூட்டை பாதி வண்டிதான் இருந்தது. மீதிப் பாதி காலி. அவன் போகிற வழியில் போய் இறக்கினாலே போதும். ஆனால் அவன் ஏற்றினால் லோடு அவன் ஆபீசுக்கு. எனக்கு மாவு அண்டா ஞாபகம் வந்தது.

களத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். போய் என் கயிற்றை உருவிச் சுருட்டினேன்.

"ஏழுமல, நீ ஏத்திக்க."

சின்னப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, இன்னா ஆச்சு உனுக்கு? ஆபீஸே பூடும்ணே."

ஏழுமலையும் நம்பவில்லை. "இதுல இன்னா உள்குத்து?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. நீ செஞ்சி போற, சரக்கும் செஞ்சி போவுது. நான் திரும்புனா மில்லுக்காரருக்கு நெல்லு போவாது."

அவனோடு நான் பேசின முதல் பேச்சு அதுதான். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சும் அதுதான். அவன் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஒரு மூட்டையைப் பிடித்தான். மறுமுனையை நான் பிடித்தேன். முனகிக்கொண்டே சின்னப்பனும் வந்தான். பச்சை ஆளும் மஞ்சள் ஆளும் ஒரே வண்டியில் மூட்டை ஏற்றி அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்தது இல்லை. களத்தில் இருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நயினார் ஒரு கண்ணால் சூரியனையும் ஒரு கண்ணால் எங்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். தார்ப்பாய் கட்டி முடித்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஆபீசர் செல்போனை எடுத்தார். "அப்போ இந்த லோடு திண்டிவனம் ஆபீஸ் பிடிச்சதுன்னு போட்டுடறேன்."

ஏழுமலை முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இல்ல சார். செஞ்சி கயிறு உழுந்த சரக்கு. செஞ்சின்னே போடுங்க. நான் தூக்கினு போறவன்தான்."

"யோவ், உன் ஆபீஸ மூடிடுவாங்கய்யா."

"தெரியும் சார். அதுக்குன்னு அவரு கயித்த நான் எப்டி என்னுதுன்றது?"

ஆபீசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதையும் அமுக்காமல் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு மஞ்சள் வண்டியில் ஏறினார்.

4. உத்தரவு

சில வாரம் கழித்துத் தாய்க் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. பயந்துகொண்டே சின்னப்பனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு ஆபீசும் இருக்கும். திண்டிவனம் போகும் சரக்கைப் பச்சை வண்டி வல்லம் வரைக்கும் கொண்டுபோய் மஞ்சள் வண்டியில் மாற்ற வேண்டும். செஞ்சிக்கு வரும் சரக்கை மஞ்சள் வண்டி அங்கே கொண்டுவர வேண்டும். இருவரும் அங்கேயே திரும்பி அவரவர் ஊருக்குப் போகலாம், காலியாக ஓட வேண்டாம். சின்னப்பன் படித்து முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு தாய்க் கம்பெனி தான் வாங்கின மற்ற சர்வீஸ்களிலும் இதே முறையைக் கொண்டுவந்தது. நீங்கள் இன்று ஓட்டும் மாற்று வண்டி முறை அதுதான்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கம்பெனியை யார் வாங்கினாலும், கதவில் என்ன பெயர் எழுதினாலும், ரோட்டில் எதிரே வருபவன் உங்களைப் போல ஒரு டிரைவர். அவனிடம் முதல் நாளே இறங்கிப் போய்ப் பேசிவிடுங்கள். கூச்சமாக இருந்தாலும் பேசுங்கள். ஏழுமலையிடம் பேச எனக்கு எத்தனையோ வருஷம் ஆனது. இப்போது வல்லத்தில் சரக்கு மாற்றும்போது நான் பேசிக்கொண்டே நிற்க, அவன்தான் "போதும்ணே, கெளம்பு" என்று என்னைத் துரத்துகிறான்.

இதை எழுதி முடித்தது 2025 மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை.